டாப் விழுந்ததும் நிற்கும் சத்தம்

கொல்கத்தாவில் அம்பாசடர் வைத்திருந்தவர்கள் வண்டியின் சத்தத்தைப் பற்றிப் பேசியது, வயதானவர்கள் மூட்டுவலியைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான். பரிகாரம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வலி என்று தெரிந்தால் போதும்.

2011ம் ஆண்டு மழைக்காலத்தில் கரியாஹாட் பக்கம் வசித்த ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவருக்கு மட்டும் அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. அவருடையது 1991 மாடல் வெள்ளை அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஸ்டியரிங் அடியிலேயே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கியர் ரகம். இருபது வருடத்தில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவர் மனைவிக்கு டயாலிசிஸ். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் கழித்துத் துவண்டுபோய் வெளியே வருகிறவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் தங்களுக்குப் பிடிக்காத திசைக்கு வர மறுப்பதில் பேர்போனவை. மழை நாளில் கேட்கவே வேண்டாம். ஆகவே வண்டிக்கு அடியில் ஏதோ உறுமத் தொடங்கியபோது அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: இது நடுவழியில் கழுத்தறுக்குமா?

போதாததற்கு அந்த வருடம் பதிவையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2006ல் ஒரு முறை தேறிய வண்டி 2011ல் மறுபடி பரீட்சைக்கு நின்றது. செலவு செய்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று பெங்களூரிலிருந்து மகன் போனில் கேட்டபடியே இருந்தார். அவர் எந்தக் கட்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போன பட்டறையில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு கிடைத்தது. பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. எஞ்சினை ஓட விட்டு, தலையைச் சாய்த்து, "கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் வளர்ந்தது. பேரிங்குகள், சிங்ரோ வளையங்கள், கியர் செட், இறக்குவது இறக்குகிறோம் கிளட்ச் பிளேட்டும் மாற்றிவிடலாம். கூட்டினால் வண்டி விற்றுக் கிடைக்கக்கூடியதில் பாதிக்கு மேல் வந்தது. பணத்தைவிடக் கடைசி வரிதான் அவரை உலுக்கியது: வண்டி மூன்று வாரம் நிற்கும். மூன்று வாரம் என்றால் ஆறு டயாலிசிஸ்.

பழைய வண்டிகளின் உலகத்தில் இந்த இறக்கும் ஆர்வம் ஒரு தனி நோய். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்குக் கூலி கிடையாது. இறக்கி ஏற்றுவதற்கு உண்டு. இருபது வருடம் ஒன்றோடொன்று உரசி ஓடிய பல்சக்கரங்கள் தங்களுக்குள் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், தேய்ந்த பல்லோடு தேயாத பல் சேர்ந்து, முன்பு இல்லாத ஊளை ஒன்று ஆரம்பிக்கும். காசு கொடுத்து வாங்கிய சத்தம்.

கணக்கு அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு செலவுப் பட்டியல் தேடாமலே எழுதப்பட்டதா என்று கண்டுபிடிக்க அவருக்கு முப்பது வருடப் பயிற்சி இருந்தது. பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மல்லிக் பஜாருக்குப் போனார்.

மல்லிக் பஜார், கொல்கத்தாவில் பழைய கார்களின் எலும்புகள் விற்கும் இடம். டெல்லிக்கு மாயாபுரி, சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. அங்கே ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த மிஸ்திரிக்கு ஏறக்குறைய அவர் வயதே இருக்கும். மெக்கானிக்கை அந்த ஊரில் மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எதையும் திறக்கவில்லை. "தாதா, நீங்கள் ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில் இறங்கிப் பின் சீட்டுக்கு மாறினார். அங்கேயும் குஷனைத் தூக்கி நிறுத்திவிட்டு வெறும் தகரத்தின் மேல் குந்திக்கொண்டார்.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, அம்பாசடரின் வயிற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாக கியர்பாக்ஸுக்குள் ஒரு தண்டில் நுழைகிறது. அதற்குக் கீழே லே ஷாப்ட் என்ற இன்னொரு தண்டு. அதன் மேல் ஊசி போன்ற சின்னச் சின்ன உருளைகளாலான பேரிங்குகளில் ஒரு பல்சக்கரக் கொத்து சுழல்கிறது. ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர்களில் எஞ்சினின் பலம் முழுவதும் மேலிருந்து கீழே இந்தக் கொத்துக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறித்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. நான்காவது கியரான டாப்பில் மட்டும் உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகக் கைகோத்துக்கொள்கின்றன. கீழே உள்ள கொத்து அப்போதும் சுழலும், ஆனால் சுமை இல்லாமல். அதன் பிறகு புரொபல்லர் ஷாப்ட் என்ற நீளக் குழாய். அதன் இரண்டு முனையிலும் சிலுவை வடிவ மூட்டு. பட்டறைப் பேச்சில் 'கிராஸ்'. கடைசியில் பின் அச்சில் டிஃபரன்ஷியல்.

இது தெரிந்துவிட்டால் கியர் கம்பியும் கிளட்ச் பெடலும்தான் ஸ்டெதாஸ்கோப். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டு, கிளட்சை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் அது ரிலீஸ் பேரிங். பழைய அம்பாசடரில் கார்பன் வளையம். மிதித்தால் நின்று, விட்டால் திரும்ப வரும் கரகரப்பு என்றால் உள்ளே வரும் தண்டின் பேரிங்கோ லே ஷாப்டோ. முதல் மூன்று கியரிலும் உறுமி, டாப் போட்டதும் அடங்கினால் சந்தேகம் லே ஷாப்ட் மேல் விழும். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த ஜோடிப் பற்கள். எந்த கியரானாலும் நிற்காமல், சாலை வேகத்தோடு ஏறி இறங்கினால் கியர்பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் தேட வேண்டும். இந்த ரகத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் பிறந்த நாளிலிருந்தே ஊளையிடும். முதல் கியருக்கு சிங்ரோவும் கிடையாது. அதை நோய் என்று சொல்கிறவர் அம்பாசடர் ஓட்டாதவர்.

கணக்கு அதிகாரி 'சத்தம்' என்று ஒருமையில் சொல்லிக்கொண்டிருந்தது மூன்று சத்தங்கள் என்று தெரியவந்தது வித்யாசாகர் பாலத்தில்தான். 1992ல் திறந்த இந்தப் பாலத்தை மிஸ்திரி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. டிராம் தண்டவாளம் கிடையாது, குழி கிடையாது, ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஏறும்போது எஞ்சின் வண்டியை இழுக்கிறது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி எஞ்சினை இழுக்கிறது. பற்கள் ஒரு முகத்தில் அமர்ந்திருப்பதற்கும் மறு முகத்தில் அமர்ந்திருப்பதற்கும் சத்தம் மாறும். டிஃபரன்ஷியலில் கோளாறு இருந்தால் இங்கே மறைக்க முடியாது. பின் சீட்டுத் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவருக்கு அது அமைதியாகத்தான் இருந்தது.

இருந்தும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரீங்காரம் கேட்டது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினைச் சும்மா விட்டபோதும் அது மாறவில்லை. பாலம் முடிந்து ஹௌராப் பக்கச் சாலைக்கு வந்து, தார் மாறியதும் சத்தத்தின் சுருதியும் மாறியது. டயர்! போன வருடம் ரீட்ரெட் செய்த பின் டயர் ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. டயரை இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

அடுத்தது, சிக்னலில் கிளம்பும்போது ஒரு 'டொக்'. கியர் மாற்றும்போது மறுபடி ஒன்று. மூன்றில் இதுதான் சன்னமானது. மனைவிக்குக் கேட்டதே இல்லை. கணக்கு அதிகாரியும் அதைச் சொல்ல வேண்டியவற்றில் சேர்க்கவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் மிஸ்திரி குழிக்குள் இறங்கி, புரொபல்லர் ஷாப்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தார். முன் கிராஸில் விரலுக்குத் தெரிகிற ஆட்டம். கிரீஸ் நிப்பிள் காய்ந்து துருவேறிக் கிடந்தது. மூன்று சத்தங்களில் நடுவழியில் கழுத்தறுக்கக்கூடியது இதுதான். முன் கிராஸ் முறிந்தால் ஷாப்டின் முன் முனை கீழே விழுந்து சாலையில் குத்தும். ஓடுகிற வேகத்தில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் பட்டறையின் பட்டியலில் கிராஸ் என்ற வார்த்தையே இல்லை. அன்று மாலைக்குள் இரண்டு கிராஸும் மாற்றியாகிவிட்டது.

மிச்சமிருந்தது அந்த உறுமல். இரண்டிலும் மூன்றிலும் அரிசி மில்லுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். டாப் விழுந்ததும் கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிடும். மிஸ்திரி நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை கியர்பாக்ஸ் உடம்பில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். முன் பக்கம், நடு, பின் பக்கம். பிறகு சூடாக இருக்கும்போதே ஆயிலை ஓர் அலுமினியச் சட்டியில் வடித்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தத்தை அதற்குள் விட்டுச் சுழற்றினார்.

அந்தச் சட்டிதான் உண்மையான பரிசோதனைக் கூடம். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல் ஒட்டினால் அது நாள்பட்ட தேய்மானம். இருபது வருட வண்டியில் இருக்கத்தான் செய்யும். காந்தத்துக்கு வராமல் ஆயிலில் மஞ்சளாய் மினுக்கினால் பித்தளை சிங்ரோ வளையங்கள் கரைகின்றன. கையில் நெருடுகிற எஃகுத் துணுக்கு கிடைத்தால் பல் உடைகிறது. பேச்சே கிடையாது, இறக்க வேண்டியதுதான். இந்தச் சட்டியில் மெழுகு இருந்தது, கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது, துணுக்கு இல்லை.

"எவ்வளவு நாள் ஓடும்?"

"நாலு வருஷமும் ஓடலாம், நாலு மாசமும் ஓடலாம் தாதா. ஆனால் சொல்லிவிட்டுத்தான் போகும்."

கணக்கு அதிகாரிக்கு வேண்டியிருந்த பதில் இந்த இரண்டாவது வாக்கியம்தான். லே ஷாப்ட் பேரிங் தேய்வது மெதுவான சாவு. உறுமல் கூடும்; பிறகு டாப்பிலும் கேட்கத் தொடங்கும்; பிறகு ஆக்சிலேட்டரை விடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் பெரும்பாலும் அவகாசம் உண்டு. அது இலவசமான அவகாசம் இல்லை என்பதையும் மிஸ்திரி மறைக்கவில்லை. பேரிங் தளர்ந்தால் பற்கள் தங்கள் இடத்திலிருந்து விலகி ஓடும். இன்றைக்கு பேரிங்கோடு முடிகிற செலவு, நாளைக்கு கியர் கொத்தையும் சேர்த்து விழுங்கும். ஆறு டயாலிசிஸையும் அந்தச் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்துவிட்டு அவர் சத்தத்தோடு வாழ்வது என்று முடிவு செய்தார்.

அப்படி வாழ்வதற்கும் ஒழுங்கு உண்டு. மாதம் ஒரு முறை கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்க வேண்டும். ஒழுகாத அம்பாசடர் என்று ஒன்று கிடையாது; ஒழுகியது தெரியாமல் வறண்டு ஓடிச் செத்த கியர்பாக்ஸ்கள்தான் அதிகம். பின் அச்சுக்கு ஊற்றும் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது என்று மிஸ்திரி சொன்னார். காரணம் அவருக்குத் தெரியாது, குரு சொன்னது. காரணம் இருக்கிறது: ஹைபாய்ட் டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ரக ஆயிலில் கலக்கும் கந்தக, பாஸ்பரஸ் ரசாயனங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 நல்லது. ஓட்டும் பழக்கமும் மாறியது. பாலத்தில் ஏறும்போது மூன்றாவதிலேயே எஞ்சினைத் திணற விடாமல் சட்டென்று இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். உறுமல் பொறுக்க முடியாதது திணறும்போதுதான். பேரிங் அடி வாங்குவதும் அப்போதுதான்.

சத்தத்தை மறைக்கும் வழிகளும் மல்லிக் பஜாரில் இலவசமாகக் கிடைத்தன. 140 நம்பர் கெட்டி ஆயிலை ஊற்றினால் உறுமல் அமுங்கும். குளிர்காலக் காலையில் கியர் விழாது. விற்பதற்கு முன் ஆயிலில் மரத்தூளைக் கலப்பது உலகம் முழுக்கத் தெரிந்த பழைய தந்திரம். வாங்குகிறவன் வீடு போய்ச் சேரும்வரை கியர்பாக்ஸ் பூனைபோல் இருக்கும்.

இந்தப் பாடம் முழுவதையும் மாருதி 800க்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதை மகன் பிற்பாடு தெரிந்துகொண்டார். அவர் பெங்களூரில் வைத்திருந்தது அதைத்தான். முன் சக்கரங்களை ஓட்டும் அந்த வண்டியில் நேரடி டாப் என்பதே கிடையாது. எந்த கியரிலும் பலம் ஒரு ஜோடிப் பற்கள் வழியாகத்தான் போகும். டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள், அதே ஆயிலில். ஆகவே 'டாப்பில் நிற்கிறதா' என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமில்லை. ஒரு கியரிலா, எல்லா கியரிலுமா என்றுதான் கேட்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'கட கட கட' என்றால் கியர்பாக்ஸ் நிரபராதி. ஆக்சில் முனையின் ஜாயிண்ட் போய்விட்டது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போயிருக்கும். நேராக ஓடும்போது ரீங்காரமிட்டு, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து ஓடித்தால் கூடவோ குறையவோ செய்தால் சக்கர பேரிங். இவை எதையும் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்து ஓட்டுகிறவர்கள் கேட்பதில்லை. அவர்கள் காதுக்கு எட்டும்போது விஷயம் முற்றிப்போயிருக்கும்.

அம்பாசடர் 2011ல் பதிவுப் பரீட்சையில் தேறியது. செவ்வாயும் வெள்ளியும் உறுமிக்கொண்டே போய்வந்தது. அவர் மனைவி பின் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். இரண்டாவதில் ஏறி, மூன்றாவதில் இன்னும் ஏறி, டாப்பில் அடங்கும்போது மருந்துக் கடை தாண்டிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அடுத்த வாரமே கணக்கு அதிகாரி மல்லிக் பஜாருக்குப் போய் ஒரு லே ஷாப்ட், அதற்கான ஊசி பேரிங்குகள், தள்ளு வளையங்கள் எல்லாம் வாங்கி, மெழுகுத் தாளில் சுற்றி ஸ்டீல் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தார். 2017ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் செய்தி வந்தபோது அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமல்தான் இருந்தது. அந்த வருடக் கடைசியோடு ஆஸ்பத்திரிப் பயணங்களும் நின்றுபோயின.

2018ல் வண்டியை வாங்க பர்த்வானிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய வண்டிகளில் ஆசை உள்ளவர். கணக்கு அதிகாரி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, முதலில் இரண்டாவது கியரில் தெருக்கோடிவரை ஓட்டிக் காட்டினார், பிறகு மூன்றாவது. இது லே ஷாப்ட், இது ஏழு வருடமாக இருக்கிறது, டாப்பிலும் கேட்டால் இறக்கிவிடுங்கள் என்றார். வாய்ப்பு கிடைத்தது என்று இளைஞர் விலையைக் குறைத்துக் கேட்டார். அவரும் குறைத்தார். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து, அந்த மெழுகுத் தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அவர் வாசலில் நின்றார். வண்டி தெருவில் இரண்டாவதில் உறுமிக்கொண்டு போனது, முனை திரும்பி மூன்றாவதுக்கு மாறியது. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. மருந்துக் கடை தாண்டிய இடத்தில் நின்றது.